அப்பா நின்ற அரங்குகள்

ராணிப்பேட்டையில் ஒரு டேனரியின், அதாவது தோல் பதனிடும் ஆலையின், ஏற்றுமதிப் பிரிவில் வேலை பார்க்கிறேன். சென்னை நந்தம்பாக்கத்தில் நடக்கும் சர்வதேசத் தோல் கண்காட்சியில் எங்கள் ஸ்டாலை அமைப்பது என் பொறுப்பு. பளபளக்கும் பினிஷ்டு லெதரை மட்டும் மாட்டினால் போதும் என்பார்கள் அலுவலகத்தில். பதனிட்டு ஈரமாக இருக்கும் வெட் ப்ளூ, அதை உலர்த்திய கிரஸ்ட், கடைசியில் பினிஷ்டு என மூன்றையும் வரிசையாக வைக்க வேண்டும், தோலைப் பதனிடும் சுழல் பீப்பாயான டிரம்மில் வேலை செய்பவர் ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று நான் மல்லுக்கட்டுவேன்.

இந்தப் பிடிவாதம் அப்பாவிடமிருந்து வந்தது. அவரும் தோல்ஷாப்பில்தான் இருந்தார். பொங்கல் லீவில் விடிகாலை காட்பாடியில் ஏலகிரி எக்ஸ்பிரஸ் ஏறுவோம். பெரம்பூர் அத்தை வீட்டில் மதியச் சாப்பாடு, சாயங்காலம் தீவுத்திடல் பொருட்காட்சி. எனக்கும் தங்கைக்கும் ராட்டினமும் டெல்லி அப்பளமும் போதும். அப்பாவோ அரசுத் துறை அரங்கு ஒன்றையும் விடமாட்டார். மின்வாரிய அரங்கில் அணை மாதிரி ஒன்று வைத்திருந்தார்கள். தண்ணீர் விழுந்து குட்டிச் சக்கரம் சுற்ற, வரிசையாகப் பல்புகள் எரியும். "தண்ணி கொறைஞ்சா இன்னா சார் ஆவும்?" என்று அப்பா கேட்டார். அங்கிருந்த ஊழியர் பதில் சொல்லாமல் என்னைக் கூப்பிட்டு வால்வை மெல்லத் திருகச் சொன்னார். பல்புகள் மங்கின. மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்பது அந்த ஒரு திருகலில் எனக்குப் புரிந்தது.

உலகக் கண்காட்சிகளைப் பற்றிப் பிற்பாடு படித்தபோதும் அப்பா ஞாபகம்தான். 1851இல் லண்டன் ஹைட் பார்க் கண்ணாடி மாளிகைக்கு ஏறக்குறைய 60 லட்சம் பேர் வந்தார்கள். ஒரு ஷில்லிங் டிக்கெட் நாட்களில் தொழிலாளர் குடும்பங்கள் திரண்டன. நீராவியில் ஓடும் இயந்திரங்களைச் சுற்றி, கடித உறையைத் தானே மடிக்கும் இயந்திரத்தைச் சுற்றி, எப்போதும் கூட்டம். 1893இல் சிகாகோவில் ஃபெர்ரிஸ் என்ற பொறியாளர் எழுப்பிய சக்கரம் 264 அடி உயரம். 36 பெட்டிகள், பெட்டிக்கு 60 பேர். நாங்கள் ஏறிய ராட்டினத்துக்கு அதுதான் பாட்டன். 1970 ஒசாகாவில் நிலாவிலிருந்து வந்த ஒரு கல்லுக்காக ஜனங்கள் மணிக்கணக்கில் வரிசையில் நின்றார்கள். பெரிய கட்டடங்களைவிட, ஓடுகிற, கிட்டே போய்ப் பார்க்க முடிகிற பொருளுக்குத்தான் மனிதர்கள் காத்திருக்கிறார்கள்.

எங்கள் ஸ்டாலிலும் அதைப் பார்க்கிறேன். போன கண்காட்சியில் கைப்பை வடிவமைக்கும் பெண் ஒருத்தி, "இது ஏண்ணா நீலமா இருக்கு?" என்று கேட்டாள். "குரோம் உப்பு ஏறினதும்மா. இனிமே அழுகாது" என்றார் எங்கள் டிரம்காரர். அப்புறம் பினிஷ்டு தோலை உள்பக்கமாக மடித்து, கட்டைவிரலால் தள்ளி, மேலே விழும் சுருக்கத்தைக் காட்டினார். சுருக்கம் மெல்லிசாக இருந்தால் நல்ல தோல். தளர்ந்து பெரிதாக எழுந்தால் அது வயிற்றுப் பகுதி. அவள் தானே நாலைந்து தோலை மடித்துப் பார்த்துவிட்டுத்தான் விலை கேட்டாள். எந்தக் கேட்லாகும் இதைச் செய்யாது.

அடுத்த முறை ஆவாரம் பட்டையில் பதனிட்ட தோலையும் வைக்கப் போகிறேன். பட்டையையும் ஒரு தட்டில், வருகிறவர்கள் எடுத்து முகர்ந்து பார்க்கிற மாதிரி. பட்ஜெட் கூட்டத்தில் முதல் வேலையாக இதைத்தான் கேட்கப் போகிறேன்.