மழையில் ஒரு நாள் கொச்சி, மறுநாள் கப்பல்

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டியிருக்கும் எங்கள் கொழிஞ்சாம்பாறையில், துவைத்த வேட்டியைக் கொடியில் போட்டால் ஒரு மணி நேரத்தில் மொடமொடவென்று காய்ந்துவிடும். கேரளம் என்றாலே மழை என்று நினைக்கும் வெளியூர்க்காரர்களிடம், எங்கள் பக்கத்துப் பனங்காட்டையும் வற்றிய ஆழ்துளைக் கிணறுகளையும் பற்றிச் சொன்னால் நம்ப மாட்டார்கள். அப்படிப்பட்ட ஊரிலிருந்து போன மாமாவும் நானும் ஐப்பசி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றைக் கொச்சி மழையில் முழுக்க நனைந்தே கழித்தோம்.

மாமா நாற்பது ஆண்டுகளாக மும்பைவாசி. அங்கே துறைமுகக் கிடங்கு ஒன்றில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர். எத்தனையோ கப்பல்களின் சரக்குப் பட்டியலைத் தம் கையால் எழுதியவர், ஒரு கப்பலில்கூட ஏறியதில்லை. என் தங்கையின் கல்யாணத்துக்கு வந்தவர், வீடு திரும்பும் பயணம் கொச்சியிலிருந்து கப்பலில்தான் என்று முன்கூட்டியே சீட்டு எடுத்து வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை ஏற வேண்டும். இடையில் கிடைத்த ஒரு நாளில் ஊரைச் சுற்றிப் பார்ப்பதாகத் திட்டம்.

விடுதியில் ஏற்பாடு செய்து தந்த கார் வரவேயில்லை. ஒரு மணி நேரம் காத்திருந்துவிட்டு, உயர்நீதிமன்றப் படகுத்துறைக்கு ஆட்டோவில் போய், 2023-இல் தொடங்கிய வாட்டர் மெட்ரோ என்ற படகுச் சேவையில் ஃபோர்ட் கொச்சிக்குச் சென்றோம். அது நல்லதாகவே போயிற்று. கொச்சியைத் தண்ணீரிலிருந்துதான் முதலில் பார்க்க வேண்டும் என்பதை நான் அன்றுதான் உணர்ந்தேன். காயல் முழுவதும் தேநீர் நிறத்தில் கலங்கியிருந்தது. மலையில் பெய்த மழையெல்லாம் ஆறுகளின் வழியே மண்ணைச் சுமந்துகொண்டு வந்து கடலைத் தேடிக்கொண்டிருந்தது. இந்தத் துறைமுகத்தையே உண்டாக்கியது அப்படியொரு வெள்ளம்தான். யவனர் கப்பல்கள் வந்து மிளகு ஏற்றிச் சென்றதாகச் சங்கப் பாடல்கள் சொல்லும் முசிறியை, 1341-இல் பெரியாற்றில் வந்த பெருவெள்ளம் மணலால் அடைத்துவிட்டு, கொச்சியின் முகத்துவாரத்தைத் திறந்துவிட்டது என்பதே வரலாற்று ஆசிரியர்கள் பொதுவாகச் சொல்வது. மாமாவிடம் இதைச் சொன்னபோது, அவர் குடையை மடக்கிவிட்டுச் சிறிது நேரம் நீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஃபோர்ட் கொச்சிக் கரையில் உள்ள சீன மீன்பிடி வலைகளில் அன்று மீனைவிட ஆகாயத்தாமரைதான் அதிகம் ஏறியது. நான்கைந்து பேர் சேர்ந்து கயிற்றை இழுக்க, கயிறுகளில் கட்டித் தொங்கவிட்டிருக்கும் கற்கள் எடைக்கு எடையாக இறங்க, வலை மெல்ல மேலே வருகிறது. அவ்வளவு உழைப்புக்கும் அந்த முறை கிடைத்தது ஒரு கைப்பிடி மீனும் ஒரு கூடைக் களையும்தான். புனித பிரான்சிஸ் தேவாலயத்தில் மழைக்கு ஒதுங்கினோம். 1524-இல் இறந்த வாஸ்கோ ட காமாவை முதலில் இங்கேதான் அடக்கம் செய்தார்கள். பிறகு எலும்புகளை எடுத்துப் போர்ச்சுகலுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். "அவரும் கடைசியில் கப்பலில்தான் வீட்டுக்குப் போயிருக்கிறார்" என்றார் மாமா. மட்டாஞ்சேரியில் 1568-இல் கட்டிய பரதேசி யூத ஆலயம் சனிக்கிழமை என்பதால் மூடியிருந்தது.

எந்த வழிகாட்டியும் முதலிடம் தராத ஓரிடத்தில்தான் நாங்கள் அதிக நேரம் இருந்தோம். வெளி என்னும் பகுதியில் உள்ள தோபிகானா என்ற சலவைக்கூடம் அது. டச்சுக்காரர்கள் காலத்தில் படையினரின் துணி வெளுப்பதற்காகத் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட குடும்பங்களின் வழிவந்தவர்கள் இன்றும் அங்கே வெளுக்கிறார்கள், வீட்டில் இன்றும் தமிழ் பேசுகிறார்கள். கல்தொட்டிகள் வரிசையாக இருக்கின்றன. பின்னால் உள்ள திடலில் கொடிகள் கட்டியிருக்கிறார்கள். அந்தக் கொடியைக் கிட்டப் போய்ப் பார்த்தேன். இரண்டு கயிறுகளை ஒன்றோடொன்று முறுக்கிக் கட்டியிருக்கிறார்கள். முறுக்குக்கு நடுவே துணியின் நுனியைச் செருகிவிட்டால் எந்தக் காற்றுக்கும் அசையாது, கிளிப்பே தேவையில்லை. அன்று கொடிகள் வெறுமையாகச் சொட்டிக்கொண்டிருந்தன. ஈரத் துணிகள் எல்லாம் கூரைக்கு அடியில் குவிந்திருந்தன.

தேய்த்துக்கொண்டிருந்த பெரியம்மா ஒருவர், மலையாள இழுப்புக் கலந்த தமிழில், "எந்த ஊருங்க?" என்று கேட்டார். மாமா கொழிஞ்சாம்பாறை என்று சொல்லிவிட்டு, நனைந்திருந்த தம் பட்டுக்கரை வேட்டியைப் பையிலிருந்து எடுத்து நீட்டினார். "கஞ்சி போட்டாக் காயாது. நாளைக்குக் கப்பல்னு சொல்றீங்க, வெறுமனே தேச்சுத் தாறேன்" என்றார் அவர். கனமான இஸ்திரிப் பெட்டி நான்கு முறை போய்வந்ததும் வேட்டியிலிருந்து ஆவி எழுந்தது. மடிப்பின் விளிம்பை அவர் நகத்தால் நீவிவிட்ட விதத்தில் தலைமுறைகளின் பழக்கம் இருந்தது. ஊரின் பெருமை என்று அரண்மனையையும் ஆலயத்தையும் காட்டுகிறவர்கள், தங்கள் விருந்தினரை இங்கேயும் ஒரு முறை அழைத்துவர வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

மறுநாள் வில்லிங்டன் தீவுக்குப் போனோம். தீவே மனிதர் போட்டதுதான். முகத்துவாரத்தை மறித்திருந்த மணல்திட்டை வெட்டி, கப்பல் நுழையும் ஆழத்துக்கு வழி செய்தவர் 1920-இல் வந்த ராபர்ட் பிரிஸ்டோ என்ற பொறியாளர். தோண்டியெடுத்த மண்ணைக் கொட்டியே இந்தத் தீவை உருவாக்கினார்கள். 1928 மே 26 அன்று பத்மா என்ற கப்பல் முதன்முதலாக உள்துறைமுகத்துக்குள் வந்தது. மாமாவுக்கு இந்தக் கணக்கெல்லாம் மிகவும் பிடித்திருந்தது. பாதுகாப்புச் சோதனை வாயிலில் அந்த வேட்டியோடு நின்று, என் தோளைத் தட்டிவிட்டு உள்ளே போனார்.

நான் படகு பிடிக்காமல் பாலம் வழியாகவே ஃபோர்ட் கொச்சிக் கரைக்குத் திரும்பினேன். மாலையில் தூறலுக்கு நடுவே கப்பல் முகத்துவாரத்தைக் கடந்தபோது, வலைக்காரர்கள் கயிற்றைப் பிடித்தபடி நின்று பார்த்தார்கள். கைப்பேசி ஒலித்தது. "மேல்தளத்தில் இடது பக்கம் நிற்கிறேன், தெரிகிறதா?" என்று மாமா கேட்டார். அந்த உயரத்தில் முகம் தெரியவில்லை. ஒரு வெள்ளை வேட்டி மட்டும் தெரிந்தது. கப்பல் போன பின் எழுந்த அலை கரைக் கற்களில் வந்து மோதியது, வலைக்காரர்கள் மறுபடியும் வலையை இறக்கினார்கள்.