ஃப்ரீசர் கதவில் ஒட்ட ஒரு ஹீப்ரு நோட்டீஸ்

இஸ்ரேலின் ரெஹோவோத்தில் நான் வேலை பார்க்கும் ஆய்வகத்தில் மைனஸ் 80 ஃப்ரீசரைக் காலி செய்யும் முன் நோட்டீஸ் ஒட்டுவது வழக்கம். ‘லேபிள் இல்லாத சாம்பிள்கள் வியாழக்கிழமை அப்புறப்படுத்தப்படும்’ என்று ஆங்கிலத்தில் தயாராக இருந்தது. (இங்கே வேலை வாரம் ஞாயிறில் தொடங்கி வியாழனோடு முடிகிறது.) உல்பானுக்கு, அதாவது ஹீப்ரு வகுப்புக்கு, போகிற ஆள் என்பதால் ஹீப்ருவில் எழுதும் வேலை என் தலையில் விழுந்தது.

செயப்பாட்டுவினைக்கு நம் ‘படு’ மாதிரி பின்னால் ஒட்டிக்கொள்ள ஹீப்ருவில் ஒன்றும் கிடையாது. வேரின் மெய்யெழுத்துகள் அப்படியே இருக்க, அவற்றை வார்க்கும் பின்யான் என்ற அச்சுதான் மாறும். ‘பஅல்’ அச்சு வினைக்குச் செயப்பாடு பெரும்பாலும் ‘நிஃப்அல்’, ‘பிஎல்’லுக்கு ‘புஅல்’, ‘ஹிஃப்இல்’லுக்கு ‘ஹுஃப்அல்’. ஆகவே எந்தச் செய்வினை என்பதை முதலில் முடிவு செய்தாக வேண்டும்.

எனக்கு இரண்டு தோன்றின. ‘ஸராக்’ என்றால் எறிந்தான், சாதாரணப் பேச்சு. ‘ஹிஷ்லிஹ்’ கொஞ்சம் விறைப்பு, ‘குப்பை கொட்டாதே’ பலகைகளில் பார்க்கலாம். முதலாவதின் செயப்பாட்டு எதிர்காலப் பன்மை ‘யிஸார்கு’, இரண்டாவதற்கு ‘யுஷ்லெஹு’. ஃப்ரீசர் கதவுக்கு நகராட்சி மிடுக்கு எதற்கு என்று ‘யிஸார்கு’வை எடுத்துக்கொண்டேன்.

எழுத்துக்கூட்டலில்தான் வேடிக்கை. பெயாலிம் தளத்தின் வினை அட்டவணையில் ‘யிஸார்கு’வைப் பார்த்தால் தொடக்கத்தில் இரண்டு யோத், அதாவது ‘ய’ ஒலிக்கான எழுத்து. ஒன்றை விட்டுவிட்டால் அது ‘யிஸ்ரெகு’, ‘எறிவார்கள்’ என்று ஆகிவிடும். உயிர்க்குறி போடாமல் எழுதும் மொழி, அந்த ஒரு யோத்தைத் தவிர வேறு அடையாளமே இல்லை. சாம்பிள்களே எதையோ எறியப் போவதாக நோட்டீஸ் மிரட்டும்!

பக்கத்து மேசை நண்பரிடம் காட்டினேன். இலக்கணம் சரி என்றார், ஆனால் வாயால் சொல்வதென்றால் யாரும் இப்படிப் பேசமாட்டார்களாம். ‘ஸோர்கீம்’ என்று எழுவாயே இல்லாமல் பன்மையில் சொல்வார்கள்: எறிகிறார்கள். யார் என்ற கேள்வி எழாது. நம் ஊரிலும் நோட்டீஸில்தான் ‘அபராதம் விதிக்கப்படும்’, வாயில் வருவது ‘ஃபைன் போட்டுருவாங்க’. அதனால் இந்த இடம் எனக்கு உடனே பிடிபட்டது. எழுதி ஒட்டுவது என்பதால் ‘யிஸார்கு’ அப்படியே நின்றது. எதிர்காலப் பன்மையில் ஆண்பால், பெண்பால் இரண்டுக்கும் இன்று ஒரே வடிவம்தான், அது கூடுதல் நிம்மதி. ‘த்கிமோத்’, அதாவது சாம்பிள்கள், பெண்பால். நிகழ்காலமாக இருந்தால் அதற்கேற்ற விகுதியும் தேட வேண்டும்.

கடைசியில் ஒட்டிய வரி: ‘த்கிமோத் லெலோ தாவித் யிஸார்கு பெயோம் ஹமிஷி’. ‘லெலோ தாவித்’ என்றால் லேபிள் இல்லாமல்.

அதோடு விடவில்லை. தராசில் ஒட்ட ‘அளவு சரிபார்க்கப்பட்டது’ என்று ஒரு ஸ்டிக்கரும் கேட்டார்கள். ஆங்கிலத்தில் ‘கேலிப்ரேட்டட்’ என்று ஒரே சொல், ஹீப்ருவில் இரண்டு. ‘குயால்’ என்றால் சரிபார்ப்பு நடந்து முடிந்தது, ‘மெஹுயால்’ என்றால் இப்போது சரிபார்த்த நிலையில் இருக்கிறது. ஸ்டிக்கரில் தேதிக்குக் கட்டம் இருந்தது, அதனால் ‘குயால்’.