பூஜ்ஜியத்திலிருந்து 987 மைல்: பிறர் படகைக் கொண்டுபோய்ச் சேர்த்த அனுபவம்

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், நார்ஃபோக் துறைமுகத்தை ஒட்டி ஓடும் எலிசபெத் ஆற்றில் 36 என்று எண் எழுதிய சிவப்பு மிதவை ஒன்று நிற்கிறது. அட்லாண்டிக் உள்நாட்டு நீர்வழியின் பூஜ்ஜியம் அதுதான். அங்கிருந்து தெற்கே ஆறுகள், கழிமுகங்கள், உப்பங்கழிகள், மனிதர் வெட்டிய கால்வாய்கள் எல்லாவற்றையும் கோத்துக்கொண்டு, மணல்தீவுகளின் மறைவிலேயே இந்த வழி ஃப்ளோரிடா வரை போகிறது. இதைப் பராமரிப்பது அமெரிக்க ராணுவப் பொறியாளர் படை. தூரத்தைக் கடல் மைலில் சொல்வதில்லை, தரையில் அளக்கும் சாதாரண மைலில்தான் சொல்கிறார்கள். நாங்கள் போக வேண்டிய ஸ்டூவர்ட் நகரம் ஏறத்தாழ 987-ஆவது மைலில் இருந்தது.

நான் பாம்பனில் பிறந்தவன். அப்பா நாட்டுப்படகு வைத்திருந்தார். மரைன் எஞ்சினியரிங் படித்து 11 ஆண்டுகள் சரக்குக் கப்பல்களில் வேலை பார்த்த பிறகு, திருமணமாகி வர்ஜீனியாவில் குடியேறினேன். அங்கே ஒரு படகுத் துறையில் பழக்கமானவர்தான் கேப்டன். அறுபதைத் தாண்டிய பெண்மணி. கடலோரக் காவல்படை வழங்கும் 100 டன் மாஸ்டர் உரிமம் வைத்திருப்பவர். கரையோரக் கடலில் செல்லுபடியாகும் அந்த உரிமத்துக்கு விண்ணப்பிக்கவே 720 நாள் கடல் அனுபவம் காட்ட வேண்டும். உல்லாசப் படகுகளை உரிமையாளர்களுக்காக ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் அவர் தொழில். டீசல் எஞ்சினை நன்றாக அறிந்த ஒரு துணை வேண்டும் என்று கேட்டார். சரி என்றேன்.

படகு 42 அடி நீளம். 1980களில் கட்டியது. 120 குதிரைத்திறன் டீசல் எஞ்சின்கள் இரண்டு. தண்ணீருக்குள் 4 அடிக்குச் சற்று அதிகமாக இறங்கும். ஃப்ளோரிடாவில் வசிக்கும், பணி ஓய்வு பெற்ற ஒருவர் அதை வாங்கியிருந்தார். இரண்டு ஆண்டுகளாகக் கட்டிப்போட்ட இடத்தைவிட்டு அது அசையவே இல்லை.

இந்த வேலையில் முதலில் வருவது காகிதம். ஒப்பந்தத்தில் கேப்டனுக்கும் எனக்கும் நாள் கூலி, டீசல், துறை வாடகை, திரும்பிவர விமான டிக்கெட் எல்லாம் உரிமையாளர் பொறுப்பு என்று எழுதியிருந்தது. காப்பீட்டு நிறுவனம் கேப்டனின் அனுபவ விவரத்தைக் கேட்டு வாங்கிப் படித்த பிறகே சம்மதித்தது. என் பெயரும் அந்தப் படிவத்தில் ஏறியது. புயல் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை என்பதால், நவம்பர் 1-க்கு முன் ஃப்ளோரிடா எல்லைக்குள் படகு நுழைந்தால் காப்பீடு செல்லாது என்று இன்னொரு நிபந்தனை. இதையெல்லாம் கணக்குப் போட்டு அக்டோபர் 19 அன்று கிளம்புவதாக முடிவானது.

அதற்கு முன்பு மூன்று நாள் படகைக் கட்டிய இடத்திலேயே வைத்து வேலை பார்க்க வேண்டும் என்றார் கேப்டன். கட்டிக் கிடக்கும் படகுக்கு நாள் கூலி எதற்கு என்று உரிமையாளர் கேட்டார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. படகு வாங்கிய புதிதில் யாருக்கும் அந்தக் கேள்வி வரும். மூன்று நாள் இல்லையென்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கேப்டன் அமைதியாகச் சொன்னார், அவரும் ஒப்புக்கொண்டார். எஞ்சினைக் குளிர்விக்கும் நீர்ப் பம்புகளைத் திறந்தபோது, தண்ணீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லர் ஒன்றில் ஆறு இதழ்களில் இரண்டு இல்லை. உடைந்த துண்டுகளை வெப்பப் பரிமாற்றியின் வாயிலிருந்து குறடு விட்டு எடுத்தேன். குழாய்க் கவ்விகளில் ஐந்து துருப்பிடித்திருந்தன, மாற்றினோம். கேப்டன் கடைக்குப் போய் 12 டீசல் ஃபில்டர்கள் வாங்கி வந்தார். 12 எதற்கு என்று கேட்டேன். போதாமலும் போகலாம் என்றார்.

19-ஆம் தேதி விடியற்காலையில் அவிழ்த்தோம். நார்ஃபோக்கிலிருந்து தெற்கே இரண்டு பாதைகள் உண்டு. ஒன்று டிஸ்மல் ஸ்வாம்ப் கால்வாய். 1805-இல் திறக்கப்பட்டது, இன்றும் ஓடுகிறது. அழகான வழிதான், ஆனால் ஆழம் 6 அடி, அமிழ்ந்து கிடக்கும் மரத்தடிகளும் இருக்கும். சொந்தப் படகாக இருந்தால் போயிருப்போம். பிறர் படகு என்பதால் மற்ற பாதையான கிரேட் பிரிட்ஜ் மதகு வழியே போனோம். மதகுக்குள் நுழைந்து கயிற்றைப் பிடித்து நின்றால், பின்னால் கதவு மூடி, தண்ணீர் ஓரிரு அடிதான் மாறுகிறது. முன்கதவு திறந்ததும் அடுத்த திறப்புப் பாலத்துக்காகக் காத்திருப்பு. பாலக்காரரை வானொலியில் 13-ஆவது அலைவரிசையில் அழைத்து, படகின் பெயரைச் சொல்லி, திறக்கும்படி கேட்க வேண்டும். தெற்குக் கரோலினாவிலிருந்து அது 9-ஆவது அலைவரிசை. பாலம் திறப்பதற்காக மீன்பிடிப் படகுகள் வரிசைகட்டி நிற்பதைப் பாம்பனில் பார்த்து வளர்ந்தவன் நான். 1914-இல் திறக்கப்பட்ட அந்தப் பழைய பாலம் அப்போதெல்லாம் இரண்டு கைகளைத் தூக்குவது போல் மேலே எழும்பும். அதன் அடியில் போய்வந்த அப்பாவின் நினைவு ஒவ்வொரு பாலத்திலும் வந்தது.

மிதவைகளைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நம் ஊரில் பயிற்சி பெற்றவர்களுக்கு இது ஆபத்தான இடம். இந்தியாவில் துறைமுகத்துக்குள் நுழையும்போது சிவப்பு மிதவை இடக்கைப் பக்கம் வரும். அமெரிக்காவில் அது வலக்கைப் பக்கம். இந்த நீர்வழியில் தெற்கே போகும்போதும் சிவப்பு வலப்பக்கம்தான். ஆனால் வழியில் வேறொரு துறைமுகத்தின் வாய்க்கால் வந்து கலக்கும் இடங்களில் நிறங்கள் இடம் மாறிவிடும். அங்கே நிறத்தை நம்பக்கூடாது. மிதவையிலோ கம்பத்திலோ சிறிய மஞ்சள் முக்கோணம் இருந்தால் அதை வலப்பக்கம் விட வேண்டும், மஞ்சள் சதுரம் இருந்தால் இடப்பக்கம். முதல் இரண்டு நாள் சுக்கானைப் பிடிக்கும்போது ஒவ்வொரு குறியையும் வாய்விட்டுச் சொல்லச் சொன்னார் கேப்டன். "சிவப்பு, முக்கோணம், வலம்" என்று நானும் சொல்லிக்கொண்டே போனேன்.

முதல் இரவு 50-ஆவது மைலில் உள்ள காயின்ஜாக்கில் கட்டினோம். அடுத்தது அல்பமார்ல் சவுண்ட். பார்க்கக் கடல் போல் விரிந்து கிடக்கும் நீர்ப்பரப்பு. ஆழம் குறைவு என்பதால் காற்று சற்று வலுத்தாலும் அலைகள் குட்டையாகவும் செங்குத்தாகவும் எழும்பி, ஒன்றன்பின் ஒன்றாக அறைந்துகொண்டே இருக்கும். வடகிழக்குக் காற்று வீசியது. 20-ஆம் தேதி கிளம்பவில்லை. 21-ஆம் தேதியும் கிளம்பவில்லை. உரிமையாளர் இரண்டு நாளும் தொலைபேசியில் கூப்பிட்டார். அங்கே கரையில் கட்டியிருந்த மற்ற படகுகளில் இரண்டு, காற்றைப் பொருட்படுத்தாமல் கிளம்பிப் போயின. அவர்களுக்குப் பிடிக்க வேண்டிய விமானமோ, போய்ச் சேர வேண்டிய விசேஷமோ இருந்திருக்கும். படகுகள் பெரும்பாலும் கெடுவது இப்படி நாட்காட்டியைப் பார்த்து ஓட்டுவதால்தான் என்று கேப்டன் சொன்னார். பாம்பனில் வாடைக்காற்று அடிக்கும் நாட்களில் படகைக் கரையேற்றிவிட்டு வலையைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருப்பார் அப்பா. வீட்டில் அரிசி இல்லாவிட்டாலும் போகமாட்டார்.

22-ஆம் தேதி காற்று தணிந்தது, அலை முழுவதும் அடங்கவில்லை. சவுண்டின் நடுவே வந்தபோது வலப்பக்க எஞ்சினின் சத்தம் ஏறி இறங்கியது. மூச்சுத் திணறும் மனிதனைப் போல இரண்டு முறை இழுத்தது, நின்றுவிட்டது.

தரைப்பலகையைத் தூக்கி எஞ்சின் அறைக்குள் இறங்கினேன். ஃபில்டரின் அடியில் இருக்கும் கண்ணாடிக் கிண்ணத்தில் டீசல் தேன் நிறத்தில் தெரிய வேண்டும். காப்பித் தூள் கரைந்தது போல் கறுப்பாக இருந்தது. இரண்டு ஆண்டுகள் அசையாமல் கிடந்த டேங்கின் அடியில் தண்ணீர் சேர்ந்து, தண்ணீரும் டீசலும் சந்திக்கும் இடத்தில் நுண்ணுயிர்கள் வளர்ந்து பாசியாகப் படிந்திருக்கின்றன. கட்டிக் கிடக்கும்வரை அந்த அழுக்கு உறங்கும். அலையில் குலுங்கிய உடனே எல்லாம் மேலே வந்துவிட்டது. வால்வை மூடி, மூடியைத் திருகி, பழைய ஃபில்டரை வெளியே இழுத்தேன். கையில் வழவழவென்று கறுப்புச் சளி ஒட்டியது. புதியதை வைத்து, சுத்தமான டீசலை வாய்வரை ஊற்றி, ரப்பர் வளையத்தைத் தடவிப் பார்த்துப் பொருத்தி மூடினேன். பிறகு ஏர் எடுக்க வேண்டும், அதாவது டீசல் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும். எஞ்சினில் இருக்கும் சின்னத் திருகை அரைச்சுற்று தளர்த்தி, கைப்பம்பின் நெம்புகோலைக் கட்டைவிரலால் அமுக்கிக்கொண்டே இருந்தால், முதலில் நுரை வரும், பிறகு குமிழி, பிறகு குமிழி இல்லாத டீசல். அந்தக் கணத்தில் திருகை இறுக்க வேண்டும். மற்ற எஞ்சின் ஓடிக்கொண்டிருந்ததால் அறை வெந்தது, படகு இடமும் வலமும் உருண்டது, ஸ்பானர் இரண்டு முறை கைநழுவியது. மேலே கேப்டன் இடப்பக்க எஞ்சினை மட்டும் வைத்துக்கொண்டு, படகின் முன்பகுதியான அணியத்தை அலைக்கு நேராகப் பிடித்திருந்தார். இருபது நிமிடத்தில் எஞ்சின் பிடித்தது. அதற்குள் இடப்பக்க ஃபில்டரின் அளவுமானி ஊசி சிவப்பை நோக்கி ஏறத் தொடங்கியிருந்தது.

181-ஆவது மைலில் ஓரியண்டல் என்ற சிற்றூரைச் சேர்வதற்குள் 12-இல் 9 ஃபில்டர்கள் தீர்ந்துவிட்டன. அங்கே இரண்டு நாள் நின்று, டேங்க் டீசல் முழுவதையும் வெளியே இறைத்து வடிகட்டி, அடியில் இருந்த தண்ணீரையும் சேற்றையும் எடுத்தோம். செலவைக் கேட்டதும் உரிமையாளர் தயங்கினார். ஒரு கண்ணாடி ஜாடியில் அந்தக் கறுப்புச் சளியை நிரப்பிப் படம் எடுத்து அனுப்பினார் கேப்டன். பத்து நிமிடத்தில் சம்மதம் வந்தது. அன்று முதல் எந்த விஷயத்தையும் சொல்லாமல் விட்டதில்லை. மாலையில் எங்கே கட்டினோம், எஞ்சின் எத்தனை மணி ஓடியது, என்ன பழுது என்று மூன்று வரி எழுதி அனுப்புவோம். அதன் பிறகு அவர் தொலைபேசியில் கூப்பிடுவது குறைந்துவிட்டது.

அடுத்து வந்த வடக்குக் கரோலினாவின் மிச்சப் பகுதி பெரும்பாலும் சிக்கல் இல்லாமல் கழிந்தது. லெஜூன் மரைன் படைத்தளத்தில் துப்பாக்கிச் சுடும் பயிற்சி நடந்தால் நீர்வழியை மூடிவிடுவார்கள். ஒரு மணி நேரம் நின்றோம். மர்ட்டில் பீச் அருகே பாறையைக் குடைந்து வெட்டிய குறுகலான பகுதி ஒன்று உண்டு. இழுவைப் படகு எதிரே வந்தால் ஒதுங்க இடமில்லை. நுழைவதற்கு முன்பு வானொலியில் எல்லோருக்கும் அறிவித்துவிட்டுத்தான் நுழைய வேண்டும். அதைக் கடந்ததும் வக்கமா ஆறு. இரண்டு கரையிலும் தண்ணீரில் கால் ஊன்றி நிற்கும் சைப்ரஸ் மரங்கள், அவற்றில் தொங்கும் சாம்பல் நிறப் பாசி, கடுந்தேநீர் நிறத்தில் கண்ணாடி போன்ற தண்ணீர். சுக்கானைக் கேப்டனிடம் கொடுத்துவிட்டு அரை மணி நேரம் அணியத்தில் உட்கார்ந்திருந்தேன். இந்தப் பயணத்தில் யாராவது ஒரு நாளை மட்டும் தேர்ந்தெடுக்கச் சொன்னால் அந்த நாளைத்தான் சொல்வேன்.

ஜார்ஜியாவில் வேறு பாடம். பாம்பனில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே இரண்டு மூன்று அடிக்குள்தான் வித்தியாசம். ஜார்ஜியாவில் அது 7 முதல் 9 அடி. காலையில் புல்வெளியைப் பார்த்து நங்கூரம் போட்ட இடத்தில் மதியம் பார்த்தால் படகைவிட உயரமான சேற்றுச் சுவர் நிற்கிறது. நீர்வழியின் அதிகாரபூர்வ ஆழம் 12 அடி என்றாலும், லிட்டில் மட் ரிவர், ஜெக்கில் கிரீக் போன்ற இடங்கள் மேடிட்டுப் போயிருக்கின்றன. அங்கே பாதி ஏற்றத்தில், தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும்போதுதான் நுழைவோம். ஏறுகிற தண்ணீரில் தரை தட்டினால் சற்று நேரத்தில் தண்ணீரே தூக்கிவிடும். வற்றுகிற தண்ணீரில் தட்டினால் ஆறு மணி நேரம் சாய்ந்து கிடக்க வேண்டியதுதான். இதற்காகவே இரண்டு நாள் காலை பத்து மணிக்கு மேல்தான் நங்கூரம் தூக்கினோம். இருட்டிய பிறகு ஒரு நாளும் ஓடவில்லை. விளக்கில்லாத குறிக்கம்பங்களும் நண்டுக்கூடுகளின் மிதவைகளும் இரவில் கண்ணுக்குத் தெரியாது, கூட்டின் கயிறு புரொப்பெல்லரில் சுற்றினால் யாராவது தண்ணீருக்குள் இறங்க வேண்டும்.

நவம்பர் முதல் வாரத்தில் ஃப்ளோரிடா எல்லையைத் தாண்டினோம். நவம்பர் 10 அன்று பிற்பகலில் ஸ்டூவர்ட். மொத்தம் 23 நாள், அதில் ஓடியது 16 நாள். எஞ்சின் 131 மணி நேரம், டீசல் 590 கேலன்.

ஒப்படைப்பதற்கு முன்பு கடைசி வேலை ஒன்று இருந்தது. சதுப்பு நிலத் தண்ணீரின் சாயம் வெள்ளைப் படகின் அணியத்தில் இருபுறமும் பழுப்பாக ஏறியிருந்தது. இந்த வழியில் போகிறவர்கள் அதை மீசை என்றே சொல்கிறார்கள். பித்தளைப் பாத்திரத்தைப் புளி போட்டுத் தேய்ப்பது போலத்தான், புளிப்பு இருந்தால் போகும். கேப்டன் அமிலக் கலவை வைத்திருந்தார், நான் சமையலறையில் மிச்சமிருந்த எலுமிச்சம்பழத்தை எடுத்துக்கொண்டேன். ஒரு மணி நேரத்தில் இருவரும் ஆளுக்கொரு பக்கம் வெளுத்துவிட்டோம்.

உரிமையாளர் மனைவியுடன் வந்தார். ரசீதுகள், பதிவேடு, மாற்றிய பாகங்களின் பட்டியல், மிச்சமிருந்த உதிரிகள் எல்லாவற்றையும் மேசையில் பரப்பி ஒவ்வொன்றாகக் கேப்டன் ஒப்படைத்தார். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, கடைசியில் அந்த ஜாடியைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னிடம் ஃபில்டர் கிண்ணத்தை எப்படிச் சோதிப்பது என்று காட்ட முடியுமா என்று கேட்டார். தரைப்பலகையைத் தூக்கினேன். வெள்ளைக் கால்சட்டையுடன் அப்படியே முட்டி போட்டு இறங்கினார். கிண்ணத்தின் அடியில் இருக்கும் திருகை அவரையே தளர்த்தச் சொல்லி, கீழே ஒரு கோப்பையைப் பிடித்தேன். தேன் நிறத்தில் டீசல் வடிந்தது. விரலால் தொட்டுப் பார்த்து, இறுக்கி மூடினார். "இந்தப் பக்கத்தையும் காட்டுங்கள்" என்று இடப்பக்க எஞ்சினை நோக்கி நகர்ந்தார்.