டென்டல் ஹைஜீன் படிப்பு: எவ்வளவு கடன் வரை வாங்கலாம்?

அமெரிக்காவில் டென்டல் ஹைஜீன், அதாவது கிளினிக்கில் பல் சுத்தம் செய்து ஈறுகளைக் கவனிக்கும் ஹைஜீனிஸ்ட் வேலைக்கான படிப்பு, படிக்கலாமா என்று என்னிடம் கேட்பவர்கள் பெரும்பாலும் ஒரே எண்ணைத்தான் சொல்கிறார்கள்: ஆண்டுக்கு 94,260 டாலர். 2024 மே மாதக் கணக்குப்படி தொழிலாளர் புள்ளிவிவரத் துறை சொல்லும் இடைநிலைச் சம்பளம் அது. ஹைஜீனிஸ்ட்களில் பாதிப் பேர் அதற்கு மேல், பாதிப் பேர் அதற்குக் கீழ். எண் சரிதான். ஆனால் அதை மட்டும் நம்பிக் கடன் வாங்கிவிடாதீர்கள்.

ஏனென்றால் அது மணிக்கூலியை 2,080 மணி நேரத்தால் பெருக்கி வருவது. அதாவது வாரம் 40 மணி, ஆண்டு முழுக்க, ஒரு நாள்கூட விடாமல். இந்தத் தொழிலில் அப்படி உழைப்பவர்கள் என்னைச் சுற்றிக் குறைவு. ஒரு கிளினிக்கில் இரண்டு நாள், இன்னொன்றில் ஒரு நாள் என்று சேர்த்துத்தான் ஓட்டுகிறார்கள். கழுத்தும் மணிக்கட்டும் அதற்கு மேல் ஒத்துழைக்காது என்பது ஒரு காரணம். சிறிய கிளினிக்குகள் முழுநேர வேலை தந்தால் மருத்துவக் காப்பீடு, விடுப்புச் சம்பளம் எல்லாம் பேச்சில் வரும், அதனால் தயங்குவார்கள் என்பது இன்னொன்று. அப்பாயின்ட்மென்ட் கேன்சல் ஆனால் "நீங்க கிளம்பலாம்" என்று சொல்லிவிடும் இடங்களும் உண்டு. கிளம்பினால் அந்த நேரத்துக்குக் காசு கிடையாது.

அதனால் இப்படிக் கணக்குப் போடுங்கள். அதே இடைநிலைப்படி மணிக்கு 45 டாலர் சொச்சம். வாரம் மூன்று நாள், ஆண்டுக்கு 50 வாரம் என்றால் வரிக்கு முன் சுமார் 54,000. நான்கு நாள் என்றால் 72,000 சொச்சம். கடனைத் தாங்க வேண்டியது இந்த 54,000தான். மீதி வந்தால் லாபம்.

கடன் பக்கம் வருவோம். பெற்றோரைச் சார்ந்து இருக்கும் மாணவருக்கு மத்திய அரசின் நேரடிக் கடன் முதல் ஆண்டு 5,500, இரண்டாம் ஆண்டு 6,500, அதன்பிறகு ஆண்டுக்கு 7,500 டாலர் வரைதான். தனித்து நிற்பவர்களுக்கு வரம்பு கூடுதல். கல்லூரிக் கட்டணம் இந்த வரம்புக்குள் அடங்கவில்லை என்றால் தனியார் கடனுக்கோ பெற்றோர் பெயரில் வாங்கும் கடனுக்கோ போகவேண்டி வரும். நான் அந்த இடத்தில் நின்றுவிடுவதே நல்லது என்பேன். கிரீன் கார்டு இருந்தால் மத்திய உதவிக்கு விண்ணப்பிக்கலாம். எச்1பி விசாக்காரரின் குடும்பத்தினராக எச்4 விசாவில் இருப்பவர்களுக்கு அது கிடையாது, இஏடி எனும் வேலை அனுமதி அட்டை கையில் இருந்தாலும் சரி. அவர்களுக்குக் கணக்கே வேறு: சொந்தக் காசில் கம்யூனிட்டி காலேஜ் (கட்டணம் குறைந்த உள்ளூர் அரசுக் கல்லூரி), அல்லது காத்திருப்பு.

30,000 டாலரை 6.53 சதவீதத்தில், அதாவது 2024-25 கல்வியாண்டுக்கான வட்டியில், பத்தாண்டில் அடைத்தால் மாதம் 341 டாலர். ஒரு ஹைஜீனிஸ்டின் ஒரு நாள் கூலி ஏறக்குறைய 362. ஆக, மாதத்தில் ஒரு நாள் உழைப்பு கடனுக்கு. இது தாங்கும். தனியார் கல்லூரி ஒன்றில் சேர்ந்து கடன் 90,000 ஆனால், அதே வட்டியில் மாதம் 1,020 தாண்டும். வாரம் மூன்று நாள் வேலை செய்பவருக்கு வரிக்கு முன்பே சம்பளத்தில் கால்வாசிக்குப் பக்கம் போய்விடும். தனியார் கடனின் வட்டி இதைவிட ஏறினால் கேட்கவே வேண்டாம். 2026 ஜூலை 1 முதல் வாங்கும் புதிய மத்தியக் கடன்களில் இன்னொன்றையும் பாருங்கள். மொத்தம் 25,000-ஐத் தாண்டி 50,000 வரை என்றால் வழக்கமான தவணைக் காலம் பதினைந்து ஆண்டு. மேலே சொன்ன 30,000-க்குத் தவணை 262 ஆக இறங்கும், ஆனால் மொத்தமாக ஆறாயிரம் டாலருக்கு மேல் கூடுதலாகக் கட்டியிருப்பீர்கள். முன்கூட்டி அடைத்தால் அபராதம் இல்லை, முடிந்தவர்கள் அதைச் செய்யலாம்.

90,000 கடன் வாங்கியவரும் 15,000 கடன் வாங்கியவரும் எழுதுவது ஒரே தேசியத் தேர்வு: 350 கேள்விகள், 75 மதிப்பெண் வந்தால் தேர்ச்சி. படிப்புக்குக் கோடா (பல் மருத்துவப் படிப்புகளை அங்கீகரிக்கும் அமைப்பு) அங்கீகாரம் இருக்கிறதா என்பதைத்தான் மாநில வாரியம் கேட்கும், கல்லூரியின் பெயரை அல்ல. நான் படித்தது கம்யூனிட்டி காலேஜில் அசோசியேட் பட்டம், அதாவது பாச்சிலருக்குக் கீழே உள்ள பட்டம். வேலை கேட்டுப் போன இடங்களில் லைசென்ஸைப் பார்த்தார்கள், கல்லூரியைப் பற்றி யாரும் பேசவில்லை. கம்யூனிட்டி காலேஜில் இடம் கிடைப்பதுதான் சிரமம். உடற்கூறியல், உடலியங்கியல், நுண்ணுயிரியல், வேதியியல் பாடங்களில் ஏ வாங்கினால்தான் வரிசையில் மேலே வருவீர்கள். அந்தப் பாடங்களை அவசரப்படாமல், வேலை பார்த்துக்கொண்டே முடித்துவிடுங்கள். ஹைஜீன் வகுப்பு தொடங்கிய பிறகு கிளினிக் நேரம் எல்லாவற்றையும் விழுங்கிவிடும், பகுதிநேர வேலை கடினம். இழக்கும் அந்தச் சம்பளத்தையும், கருவிப் பெட்டி, லூப்ஸ் (பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடி), தேர்வுக் கட்டணங்களையும் செலவில் எழுதிக்கொள்ளுங்கள். தேர்வைப் பற்றி ஒன்று மட்டும்: இரண்டாம் பகுதியின் 150 கேள்விகளும் நோயாளி விவரத்தை வைத்து வருபவை. கிளினிக்கில் பார்த்த ஒவ்வொரு நோயாளியின் எக்ஸ்ரேயையும் ஈறு அளவுகளையும் அன்றே ஒருமுறை உட்கார்ந்து படித்தது எனக்குக் கேள்வி வங்கியைவிட அதிகம் உதவியது.

கல்லூரிகளை ஒப்பிடக் கல்வித் துறையின் காலேஜ் ஸ்கோர்கார்டு உதவும், ஆனால் கவனம் தேவை. அங்கே "பல் மருத்துவத் துணைச் சேவைகள்" என்ற ஒரே தலைப்பில் ஹைஜீனிஸ்ட், அசிஸ்டென்ட் இருவருமே அடக்கம். சான்றிதழா, அசோசியேட்டா, பாச்சிலரா என்று பிரித்துப் பார்க்காவிட்டால் வருமானம் குழப்பும். கடன் இடைநிலையில் தனியார் கடன் சேராது, கடனே வாங்காதவர்களும் சேரமாட்டார்கள்.

டென்டல் அசிஸ்டென்ட் ஆக வேண்டும் என்றால்? அதே 2024 மே கணக்குப்படி இடைநிலைச் சம்பளம் 47,300 டாலர். பல மாநிலங்களில் பட்டம் இல்லாமலேயே கிளினிக்கில் சேர்ந்து வேலையோடு கற்றுக்கொள்ளலாம், எக்ஸ்ரே எடுக்க மட்டும் தனிச் சான்று கேட்கும் மாநிலங்கள் உண்டு. இதற்குப் பெரிய கடன் வாங்குவதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

பாச்சிலர் பட்டத்தையும் முதலிலேயே கடனில் வாங்க வேண்டியதில்லை. நோயாளி முன் உட்கார்ந்தால் இரண்டு பட்டத்துக்கும் பெரும்பாலும் ஒரே கூலி. கற்பித்தல், பொதுச் சுகாதாரம், கம்பெனி வேலை என்று போகிறவர்களுக்குத்தான் அது தேவைப்படும், வேலை பார்த்தபடி ஆன்லைனில் முடிக்கலாம். இங்கே வந்த பிடிஎஸ் பட்டதாரிகள் ப்ளோரிடாவின் விதிகளைப் பாருங்கள். வெளிநாட்டுப் பல் மருத்துவப் பட்டத்தோடு ஹைஜீனிஸ்ட் லைசென்ஸுக்கு விண்ணப்பிக்க அங்கே வழி உண்டு, மறுபடி கல்லூரிச் செலவு மிச்சம்.

ஏற்கெனவே கடன் பெரிதாகிவிட்டவர்கள் தனியார் கிளினிக்கை விட்டு லாப நோக்கமற்ற சமூக நல மையங்களில் தேடுங்கள். அங்கே முழுநேரமாக இருந்து 120 தகுதியான தவணைகள் கட்டினால் மீதமுள்ள மத்தியக் கடன் தள்ளுபடியாகும். வாரம் 30 மணி நேரமே முழுநேரமாகக் கணக்கில் வரும். தேசியச் சுகாதாரச் சேவைப் படையின் கடன் அடைப்புத் திட்டத்துக்கும் ஹைஜீனிஸ்ட்கள் விண்ணப்பிக்கலாம், ஆனால் மருத்துவ வசதி குறைந்த பகுதிகளில் அந்தத் திட்டம் அங்கீகரித்த இடத்தில் வேலை இருக்க வேண்டும். நேர்காணலிலேயே அந்த அங்கீகாரம் உண்டா என்று கேட்டுவிடுங்கள்.