தோசை என்றொரு ஸ்கிரிப்ட்

சிங்கப்பூரில், சாங்கி பிசினஸ் பார்க்கில் வேலை பார்த்தபோது நான் எழுதிய ஒரு சின்ன ஸ்கிரிப்ட்டுக்கு (குட்டி புரோகிராம்) தோசை என்று பெயர் வைத்தேன். எக்செல் ஃபைலில் நீளவாக்கில் இருப்பதைக் குறுக்குவாக்கில் திருப்பிப் போடும், அவ்வளவுதான் அதன் வேலை. பெயரைவிட ஸ்பெல்லிங்தான் பெரிய பஞ்சாயத்தானது. நான் ஊரிலிருந்து வந்தவன், dosa என்று எழுதியிருந்தேன். இங்கேயே பிறந்து வளர்ந்த பக்கத்து சீட் அக்கா, "தேக்காவுல எந்தக் கடை போர்டுல தம்பி இப்படிப் பார்த்தே?" என்று லிட்டில் இந்தியாப் பகுதியைச் சொல்லிக் கேட்டுவிட்டு, thosai என்று அவரே திருத்தினார். சரி, ஊருடன் கூடி வாழ்வோம் என்று விட்டுவிட்டேன்.

மென்பொருள் துறையில் இப்படிப் பெயர் வைப்பதெல்லாம் சகஜம். ஏராளமான டேட்டாவைக் கையாளும் மென்பொருளான ஹடூப் என்பது, அதை உருவாக்கியவர்களில் ஒருவரான டக் கட்டிங்கின் மகன் வைத்திருந்த மஞ்சள் யானை பொம்மையின் பெயர். கோடில் செய்யும் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் மென்பொருள் கிட்; அந்தச் சொல்லுக்கு பிரிட்டிஷ் பேச்சுவழக்கில் கிட்டத்தட்ட 'உருப்படாதவன்' என்று பொருள். 2005இல் அதை எழுதிய லினஸ் டோர்வால்ட்ஸ், எல்லாவற்றுக்கும் என் பெயரைத்தான் வைக்கிறேன், முதலில் லினக்ஸ் (அவர் உருவாக்கிய ஆபரேட்டிங் சிஸ்டம்), இப்போது கிட் என்று தன்னையே கிண்டலடித்துக்கொண்டார். இந்த மாதிரிப் பெயர்கள் யாருக்கும் எந்த வாக்கும் கொடுப்பதில்லை. வாக்குக் கொடுக்கும் பெயரில்தான் வம்பு. 1995இல் மோக்கா, லைவ்ஸ்கிரிப்ட் என்றெல்லாம் இருந்துவிட்டு, அப்போது ஜாவா என்ற வேறொரு புரோகிராமிங் மொழிக்கு இருந்த மவுசில் அந்தப் பெயரை ஒட்டிக்கொண்டதுதான் ஜாவாஸ்கிரிப்ட் என்ற மொழி. இரண்டும் வேறு வேறு என்று புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு இன்றைக்கும் நான்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

தோசைக்கும் அந்தக் கதி வந்தது. மற்ற டீம்களும் எடுத்துப் பயன்படுத்த ஆரம்பித்ததும், கிளையன்ட் முன்னால் சாப்பாட்டுப் பெயர் நன்றாயிருக்காது என்று மேலிடத்தில் 'ஸ்மார்ட்' சேர்த்து ஒரு பெயர் சூட்டினார்கள். கோடில் ஒரு வரி மாறவில்லை. தோசையாக இருந்தவரை, தேதி தப்பாக வந்தால் தங்கள் ஃபைலில்தான் கோளாறு என்று அவரவரே போய்ப் பார்த்துக்கொள்வார்கள். ஸ்மார்ட் ஆன மறு வாரமே போன். "ஸ்மார்ட்னு பேர் வெச்சிருக்கீங்க, இதைக்கூடக் கண்டுபிடிக்காதா?" கேள்வி நியாயமாக இருந்ததுதான் எனக்கு எரிச்சல். பெயரைக் காப்பாற்றுவதற்காகவே உட்கார்ந்து, தேதி சரிபார்க்கும் பகுதியை எழுதிச் சேர்த்தேன்.

thosai என்றிருந்த ஃபோல்டரின் பெயரை மட்டும் யாரும் தொடவில்லை, தொட்டால் ராத்திரி ஓடும் ஜாப் எல்லாம் படுத்துவிடும். அப்புறம் ஒருநாள் ஆடிட்டர் ஒருவர் லாகில் (ஓடியதன் பதிவு) அந்தப் பெயரைப் பார்த்துவிட்டு, இது எதன் சுருக்கம் என்று கேட்டார். அக்கா கொஞ்சமும் சிரிக்காமல் ஆறு எழுத்துக்கும் ஆறு ஆங்கிலச் சொற்களை அடுக்கினார். ஆடிட்டரும் பொறுமையாகக் குறித்துக்கொண்டார்.