தாராவியில் எங்கள் வீட்டை அளந்த கதை

மும்பை தாராவியின் குடிசைகளை இடித்து அடுக்குமாடி கட்டும் திட்டத்துக்காக எங்கள் சந்துக்கு சர்வே வந்த அன்று அப்பா ஐந்து மணிக்கே குளித்து, இஸ்திரி போட்ட வேட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பெண் பார்க்க ஆள் வருவதுபோல. பதினோரு மணிக்கு மூன்று பையன்கள் வந்தார்கள். கழுத்தில் அட்டை, கையில் டேப்லெட், ஒருவனிடம் லேசர் கருவி. அதன் சிவப்புப் புள்ளி முருகன் படத்துக்குக் கீழே சுவரில் போய் நின்றது. பத்துக்குப் பன்னிரண்டு அடி. ஐம்பது வருஷக் குடித்தனத்தை அளக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

"குடியிருப்பா, வியாபாரமா?" என்று கேட்டான் ஒருவன். காலை பத்திலிருந்து மதியம் மூன்று வரை அந்த அறையில் என் மனைவி முறுக்கு சுடுகிறாள், கடைகளுக்குப் போகிறது. மூன்று மணிக்கு மேல் அடுப்பைத் தள்ளிவைத்தால் அதுவே வீடு. இரண்டும் என்றேன். இரண்டையும் குறிக்க அவன் திரையில் வழி இல்லை. வியாபாரம் என்றால் கடைப் பதிவுச் சான்றான குமாஸ்தா லைசென்ஸ் கேட்பார்கள், அது எங்களிடம் கிடையாது. சரி, குடியிருப்பு என்று போடச் சொன்னேன்.

விதியைத் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் இருந்தால் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி வீடு, இலவசம். அதற்குப் பின், 2011 ஜனவரி 1-க்குள் வந்தவர் என்றால் தாராவிக்கு வெளியே எங்கேயாவது 300 சதுர அடி, இரண்டரை லட்சம் கட்ட வேண்டும். மாடியில் இருப்பவர் என்றால், 2022 நவம்பர் 15-க்கு முன்பே இருந்ததற்கு அத்தாட்சி இருந்தால், வெளியே வாடகை வீடு. பின்னால் பணம் கட்டிச் சொந்தமாக்கிக்கொள்ளலாம். ஒரே சுவர், ஒரே கூரை, ஒரே பொதுக் கழிப்பறை. ஆனால் இரும்பு ஏணிக்குக் கீழே ஒரு சட்டம், மேலே ஒரு சட்டம்.

2024 மார்ச்சில் கமலா ராமன் நகரில் சர்வே தொடங்கியபோதே நான் தாள்களைத் தேட ஆரம்பித்துவிட்டேன். எங்கள் பக்கம் வந்தபோது 2025 பிறந்திருந்தது. எங்களிடம் இருந்த பெரிய சொத்து போட்டோபாஸ். 1976-ல் மகாராஷ்டிர அரசு குடிசைகளைக் கணக்கெடுத்துக் கொடுத்தது. கல்யாணமான புதிதில் அப்பாவும் அம்மாவும் கேமராவைப் பார்த்து விறைத்து நிற்கும் படம் அதில் இருக்கிறது. 2005 ஜூலை 26-ல் சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் கொட்டி, மித்தி ஆறு ஊருக்குள் வந்ததே, அன்று அம்மா பரணில் முதலில் ஏற்றியது இதைத்தான். அரிசி மூட்டை அதற்கப்புறம்தான். அம்மா இப்போது இல்லை.

சிக்கல் பெயரில் வந்தது. அப்பா பெயரில் ஒரு 'ழ' இருக்கிறது. போட்டோபாஸை எழுதியவர் மராத்தியில் இருக்கும் 'ள'வைப் போட்டுவிட்டார். பழைய வாக்காளர் பட்டியலில் வெறும் 'ல'. ஆதாரில் ஆங்கிலத்தில் இசட் எச் என்று எழுதி, அதை மராத்தியில் மாற்றியவர்கள் 'ஜ்ஹ' ஆக்கிவிட்டார்கள். ஒரு எழுத்து அப்பாவை மூன்று ஆட்களாக்கிவிட்டது. மூன்றும் ஒருவரே என்று நோட்டரியிடம் அஃபிடவிட் வாங்க வேண்டியிருந்தது. 2000-த்துப் பட்டியலின் நகலுக்காக ஓர் அலுவலகத்துக்கு நான்கு நடை நடந்தேன். வாசலில் நின்ற ஏஜெண்ட் இரண்டாயிரம் கேட்டான். கொடுக்கவில்லை. ஐந்தாம் நடையில் கிடைத்தது. போகிறவர்கள் பழைய பாகம் எண்ணையும் வரிசை எண்ணையும் அண்டை வீட்டாரிடமாவது கேட்டு எழுதிக்கொண்டு போங்கள், பாதி வேலை குறையும்.

இந்த நடையெல்லாம் நடக்க அலுவலகத்தில் லீவு வேண்டும் அல்லவா, அங்கேதான் மாட்டிக்கொண்டேன். பிகேசியில், அதாவது பெரிய கம்பெனிகள் இருக்கும் பாந்த்ரா-குர்லா காம்ப்ளெக்ஸில், ஒன்பதாம் மாடியில் கணக்கு எழுதுகிறேன். வீட்டிலிருந்து நடந்தே போகலாம், மித்தியைத் தாண்டினால் போதும். ஜன்னல் வழியாகப் பார்த்தால் நீலத் தார்ப்பாய்களாகத் தெரிவதுதான் எங்கள் ஊர். எட்டு வருஷமாக எங்கே வீடு என்று கேட்டவர்களுக்கெல்லாம் 'சயான் பக்கம்' என்றே சொல்லிவந்தேன். முழுப் பொய்யில்லை, ஸ்டேஷன் அதுதான். 400017 என்ற பின்கோடைப் பார்த்து ஒரு வங்கி கிரெடிட் கார்டு விண்ணப்பத்தைத் திருப்பியதிலிருந்து வந்த பழக்கம். லீவுக்குக் காரணம் எழுதும்போது தாராவி என்று எழுத வேண்டியதாகிவிட்டது.

எதிர் இருக்கை மேடம் அதைக் கேட்டுவிட்டு முதலில் பரிதாபப்பட்டார், "எப்படித்தான் அங்கே இருக்கிறீர்கள்?" என்று. சர்வே விஷயம் சொன்னதும் முகம் மாறியது. "உங்களுக்கென்ன, லாட்டரி! பிகேசிக்கு எதிரில் சும்மா ஒரு ஃப்ளாட்." எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவரையும் குறை சொல்ல முடியாது. டோம்பிவிலியில் ஒரு படுக்கையறை வீட்டுக்கு இருபது வருஷத் தவணை கட்டுகிறார், தினமும் லோக்கல் ரயிலில் நசுங்கி வருகிறார். அவர் இடத்திலிருந்து பார்த்தால் நான் ஆக்கிரமித்து உட்கார்ந்து பரிசு வாங்கியவன். அம்மா பரணில் ஏற்றிய தாள் அங்கிருந்து தெரியாது.

வெள்ளைக்காரர்களும் வருகிறார்கள், வழிகாட்டியோடு, கூட்டமாக. பதிமூன்றாம் காம்பவுண்டில் பிளாஸ்டிக் பிரிப்பவர்களைப் பார்த்து 'என்ன உழைப்பு' என்று வியந்துவிட்டுப் போவார்கள். பரிதாபத்தைவிட இந்த வியப்பு எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே எரிச்சல் தரும். உழைக்காமல் இருக்க யாருக்கு இங்கே வசதி இருக்கிறது?

அப்பாவின் கணக்கு வேறு. திருநெல்வேலிப் பக்கத்து ஊரில் எங்கள் தெரு ஊருக்கு வெளியே இருந்தது. டீக்கடையில் தனிக் கிளாஸ். பதினேழு வயதில் மெட்ராஸ் போய், அங்கிருந்து தாதர் ரயில் ஏறி வந்தவர். பாந்த்ராவில் ஆடுமாடு வெட்டும் கூடத்திலிருந்து தோல் வந்துகொண்டிருந்த காலம். தோல் ஷெட்டில் வேலை, அங்கேயே படுக்கை. சுண்ணாம்புத் தொட்டி நாற்றத்தில் முதல் வாரம் சோறு இறங்கவில்லையாம். "ஆனா எந்தத் தெருன்னு ஒருத்தனும் கேக்கலல்லா" என்பார். தமிழ்ப் பத்திரிகையில் 'ஆசியாவின் மிகப்பெரிய சேரி' என்று போட்டிருந்ததை ஒருநாள் படித்துக்காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சேரில இருந்து தப்பிச்சு வந்தோம்ல. வந்த எடத்துக்கும் அதே பேரையே வச்சிருக்கான் பாரு" என்றார்.

இந்த அப்பாதான் மாடிக்காரர் விஷயத்தில் எங்களைத் திணறவைத்தார்.

எங்கள் தலைக்கு மேலே பீகார்க்காரர் ஒருவர் பன்னிரண்டு வருஷமாக இருக்கிறார், தோல் பை தைப்பவர். அவரோடு மூன்று பையன்கள். பாய் என்று கூப்பிடுவோம். அவர் அப்பாவை 'சேட்' என்பார். கேலி இல்லை. கீழே தரை உள்ளவர், வாடகை வாங்குகிறவர், ஊரில் கான்கிரீட் வீடு கட்டியவர், வேறென்ன சொல்லுவார்? அந்த ஊர் வீடு பாய் கொடுத்த வாடகையில்தான் எழும்பியது. ஒருநாளும் எழுத்தில் ஒப்பந்தம் போட்டதில்லை. கரண்ட் மீட்டரும் எங்கள் பெயரில். அவர் ஆதாரில்கூட பீகார் விலாசம்தான்.

சர்வே பையன் ஏணியைப் பார்த்துவிட்டு, "மேலே யார்?" என்றான். அப்பா முந்திக்கொண்டு "சாமான் போட்டிருக்கோம்" என்றார். மேலே தையல் மெஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. பையன் என்னைப் பார்த்தான். நானும் வாயைத் திறக்கவில்லை. அதை எழுதாமல் விடலாமா என்று யோசித்தேன். எழுதிவிட்டேன்.

அன்று இரவு பாய் இறங்கி வந்தார். வழக்கம்போல வாசலிலேயே நின்றார், உள்ளே வரவில்லை. பன்னிரண்டு வருஷத்தில் எத்தனை முறை உள்ளே வந்திருப்பார் என்று அப்போதுதான் எண்ணிப் பார்த்தேன். "சேட், நான் சாமான் இல்லையே" என்றார். ஒரு வாடகைச் சீட்டு எழுதிக் கொடுத்தால் போதும், தன் பெயரும் ஏறிவிடும், தரைத்தளத்தில் தனக்கு ஒரு பங்கும் வேண்டாம் என்றார். அவர் போனதும் அப்பா, "எழுதிக் குடுத்தா நாளைக்கு நம்ம எடத்துக்கே வந்து நிப்பான்ல. வெளியூர்க்காரனுவள நம்பப்படாது" என்றார். வெளியூர்க்காரன் என்று நம்மை விரட்டிய காலத்தைப் பற்றி இவர் சொல்லாத கதையில்லை. அதைச் சொல்லிக் காட்டினேன். "அது வேற" என்று புரண்டு படுத்துக்கொண்டார்.

மூன்று நாள் வீட்டில் பேச்சில்லை. இதற்கிடையில் நான் விசாரித்தேன். மாடிக்காரர் பெயர் ஏறுவதால் கீழ்த்தளத்துக்காரரின் 350 அடி குறையாது, இரண்டும் தனித்தனிக் கணக்கு. அதை ஒரு தாளில் கோடு போட்டு வரைந்து காட்டிய பிறகுதான் அப்பா இறங்கி வந்தார். மனசு மாறி என்று சொல்ல மாட்டேன், நஷ்டமில்லை என்று தெரிந்து. நான் மட்டும் என்ன? விசாரித்த பிறகுதானே வாதாடப் போனேன்.

முத்திரைத்தாள் முன்பு நூறு ரூபாய். 2024 அக்டோபரிலிருந்து குறைந்தபட்சம் ஐநூறு. பாய் எந்த ஆண்டிலிருந்து இருக்கிறார் என்பதை எழுதி, அப்பா கையெழுத்துப் போட்டார், தமிழில், 'ழ'வை நன்றாகச் சுழித்து. நானே போய் சர்வேக்காரர்களின் முகாமில் கொடுத்து, மறுபடி ஆளைக் கூட்டிவந்தேன். அதே பையன்தான். 'சாமான்' பற்றி ஒன்றும் கேட்கவில்லை. ஏணியில் ஏறி அளந்தான். எங்கள் நம்பரோடு ஒட்டிய இன்னொரு நம்பரை மேல் கதவில் எழுதினான். ஒரிஜினல் எதையும் கையில் கொடுக்காதீர்கள், நகலைக் கொடுத்துவிட்டு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். பாயிடமும் அதைத்தான் சொன்னேன்.

எங்கள் பெயர் தேறியதா, அவர் பெயர் தேறியதா, இன்னும் தெரியாது. பட்டியல் வரவேண்டும். 350 அடியில், அதுவும் பத்தாவது மாடி என்றால், முறுக்கு அடுப்பை எங்கே வைப்பது என்று என் மனைவி கேட்கிறாள். அதற்கும் என்னிடம் பதில் இல்லை.

முத்திரைத்தாள் காசை பாய்தான் கொடுத்தார். அடுத்த மாத வாடகையில் இருநூற்றைம்பது குறைத்துத் தந்தார். அப்பா இரண்டு தடவை எண்ணினார். ஏணியைப் பார்த்தார். பணத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.