ஐடியூன்ஸ் விண்டோஸுக்கு வந்தது, ஐமெசேஜ் ஆண்ட்ராய்டுக்கு வரவில்லை

ஆப்பிள் நிறுவனம் தொடக்கத்திலிருந்தே எல்லாவற்றையும் தன் வேலிக்குள் வைத்துக்கொள்ளும் இயல்புடையது என்று பலரும் சொல்வதுண்டு. அது பாதி உண்மைதான். 2001 அக்டோபரில் பாட்டுக் கேட்கும் கையடக்கக் கருவியான ஐபாட் (iPod) வெளிவந்தபோது அது மேக் கணினியோடு மட்டுமே இயங்கியது. மேக் வைத்திருந்தவர்களோ கணினிப் பயனர்களில் மிகச் சிறுபான்மையினர். மறு ஆண்டு விண்டோஸ் பயனர்களுக்கான ஐபாட் வந்தாலும், அதற்கு வேறொரு நிறுவனத்தின் மென்பொருளை நம்பியிருக்க வேண்டியிருந்தது. 2003 அக்டோபரில்தான், பாடல்களை வாங்கி ஐபாடில் ஏற்ற உதவும் தன் ஐடியூன்ஸ் மென்பொருளையே விண்டோஸுக்குக் கொண்டுவந்தார்கள். ஸ்டீவ் ஜாப்ஸுக்கு இதில் முதலில் விருப்பமில்லை. உடன் பணியாற்றியவர்கள் வற்புறுத்தித்தான் சம்மதிக்க வைத்தார்கள். 2003 நிதியாண்டில் சுமார் 9.4 லட்சமாக இருந்த ஐபாட் விற்பனை, 2005 நிதியாண்டில் ஏறத்தாழ 2.25 கோடியாயிற்று.

அந்தக் கதவும் ஒரு திசையில்தான் திறந்தது. ஐடியூன்ஸ் கடையில் 99 சென்ட் கொடுத்து வாங்கிய பாடல்கள் ஃபேர்பிளே என்னும் பூட்டோடு வந்தன. அவற்றைப் பிற நிறுவனங்களின் பாட்டுக் கேட்கும் கருவிகளில் நேரடியாகக் கேட்க முடியாது. 2009இல் அந்தப் பூட்டு நீக்கப்படும்வரை, நூறு பாடல் வாங்கிய ஒருவர் வேறு கருவிக்கு மாறுவதென்றால், கருவியின் விலையோடு அந்த நூறு பாடல்களின் விலையையும் சேர்த்தே கணக்கிட வேண்டியிருந்தது.

ஐபோன் வெற்றி பெற்ற பிறகு கணக்கு மாறியது. தன் எல்லாப் பொருள்களையும் ஒன்றோடொன்று பிணைத்து, வாடிக்கையாளர்களை மேலும் இறுக்கமாகத் தங்கள் வட்டத்துக்குள் பூட்ட வேண்டும் என்று ஜாப்ஸ் 2010இல் எழுதிய மின்னஞ்சல் பின்னர் நீதிமன்ற ஆவணமாக வெளிவந்தது. ஃபோர்ட்நைட் விளையாட்டைத் தயாரிக்கும் எபிக் நிறுவனம் ஆப்பிள்மீது தொடுத்த வழக்கின்போது, 2021இல், இன்னும் வெளிப்படையான கடிதங்கள் கிடைத்தன. 2013 வாக்கில், ஆப்பிள் கருவிகளுக்கிடையே மட்டும் இயங்கும் செய்திச் சேவையான ஐமெசேஜை ஆண்ட்ராய்டுக்கும் தரலாம் என்று ஆப்பிளின் இணையச் சேவைகளைக் கவனித்த எடி கியூ விரும்பியபோது, அப்படிச் செய்தால் ஐபோன் வைத்திருக்கும் குடும்பங்கள் பிள்ளைகளுக்கு ஆண்ட்ராய்டு வாங்கித் தருவதற்கு உள்ள ஒரு தடை நீங்கிவிடும் என்று மென்பொருள் பிரிவின் தலைவர் கிரெய்க் ஃபெடரிகி மறுத்தார். நன்மையைவிடத் தீங்கே அதிகம் என்று 2016இல் சந்தைப்படுத்தல் தலைவர் ஃபில் ஷில்லரும் எழுதினார். தொழில்நுட்பச் சிக்கல் பற்றியோ பாதுகாப்பு பற்றியோ அல்ல, வீட்டில் இரண்டாவது கைபேசி எதுவாக இருக்கும் என்பதைப் பற்றித்தான் அவர்கள் கவலைப்பட்டார்கள். விண்டோஸுக்குப் போனபோது, பெறுவதற்குச் சந்தை இருந்தது. ஆண்ட்ராய்டுக்குப் போனால் இழப்பதற்குத்தான் இருந்தது. ஒரு நிறுவனத்தின் திறந்த மனத்தையும் மூடிய மனத்தையும் அதன் கொள்கை அறிக்கைகளில் தேடுவதைவிட, அந்தந்த ஆண்டில் சந்தையில் அது நின்ற இடத்தில் தேடுவதே பயன் தரும் என்று நான் கருதுகிறேன்.

கூகுளும் இதற்கு விலக்கல்ல. ஆண்ட்ராய்டு மூலநிரலை இலவசமாகத் தந்த அதே நிறுவனம், பிளே ஸ்டோர் வேண்டுமென்றால் தன் தேடலையும் குரோமையும் சேர்த்தே கைபேசியில் பதிக்க வேண்டும் என்று தயாரிப்பாளர்களுக்கு நிபந்தனை விதித்தது. இதற்காக 2018இல் ஐரோப்பிய ஆணையம் 434 கோடி யூரோ அபராதம் விதித்தது. 2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம் 1,337.76 கோடி ரூபாய் விதித்தது. அதே 2022இல்தான் கூகுள், ஆப்பிளின் குறுஞ்செய்திச் சுவரைக் கண்டித்து விளம்பர இயக்கம் நடத்தியது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அமெரிக்காவில், ஐபோனிலிருந்து ஆண்ட்ராய்டுக்குப் போகும் செய்திகளைக் காட்டும் பச்சை நிறக் குமிழி பள்ளிப் பிள்ளைகளிடையே ஏளனத்துக்கு உரியதாகப் பேசப்படுகிறது. நம் ஊரில் அந்தச் சுவர் இருப்பதே பலருக்குத் தெரியாது. எல்லோரும் வாட்ஸ்அப்பில் இருக்கிறார்கள். 2014இல் அதை வாங்கிய ஃபேஸ்புக் நிறுவனத்துக்குச் சொந்தமாகக் கைபேசி வணிகம் இல்லாததால், எல்லாக் கைபேசிகளிலும் ஓடுவதே அதற்கு ஆதாயம். ஐரோப்பாவிலும் வாட்ஸ்அப்புக்கே செல்வாக்கு அதிகம். ஆகவேதான் 2024 பிப்ரவரியில் ஐரோப்பிய ஆணையம் தன் புதிய டிஜிட்டல் சந்தைச் சட்டத்தின் பிடியிலிருந்து ஐமெசேஜை விட்டுவிட்டது. அடுத்த மாதமே அமெரிக்க அரசின் நீதித்துறை ஆப்பிள்மீது தொடுத்த ஏகபோக வழக்கில் அதே ஐமெசேஜ் முக்கியக் குற்றச்சாட்டுகளில் ஒன்றாயிற்று.

2024 செப்டம்பரில் ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸ் 18 வழியாக, பழைய குறுஞ்செய்திக்கு மாற்றான பொதுச் செய்தி முறையான ஆர்சிஎஸ்ஸை ஆப்பிள் ஏற்றுக்கொண்டது. ஆண்ட்ராய்டு நண்பர் அனுப்பும் படங்கள் இப்போது ஐபோனில் தெளிவாகவே வருகின்றன. ஆனால் அந்த வழக்கு குறிப்பிடும் இன்னொரு பொருளான ஆப்பிள் வாட்ச் இன்னும் ஐபோனோடுதான் இணையும். பல ஆண்டு நடைக் கணக்கையும் இதயத்துடிப்புப் பதிவுகளையும் அதில் சேர்த்து வைத்திருக்கும் ஒருவருக்கு, குறுஞ்செய்தியைவிட அதுவே பெரிய தடையாக இருக்கும் என்பது என் கணிப்பு.